டேங்க் நிறைய கூலன்ட், ஆனாலும் இன்ஜின் சூடாகிறதே?

கேள்வி: என்னுடையது 2006 மாடல் மாருதி 800. பிளாஸ்டிக் டேங்கில் கூலன்ட் எப்போது பார்த்தாலும் மேல்கோட்டிலேயே நிற்கிறது. ஆனால் டிராஃபிக்கில் டெம்பரேச்சர் முள் ஏறிவிடுகிறது. பழைய கூலன்டை மாற்றலாம் என்றால், கடையில் பச்சையா ரோஸா என்று கேட்கிறார்கள். மெக்கானிக்கோ தண்ணீரே போதும் என்கிறார். எதை வாங்குவது?
- வாசகர், கரூர்

பதில்: முதலில் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள். கூலன்ட் வாங்குவது அப்புறம்.

டேங்கில் அளவு மாறாமலே நிற்பதுதான் எனக்கு இடிக்கிறது. இன்ஜின் சூடானால் கூலன்ட் விரிந்து, மூடியில் உள்ள வால்வைத் தள்ளிக்கொண்டு டேங்குக்கு வரும். ஆறியதும் ரேடியேட்டர் அதைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும். அதனால் டேங்கில் அளவு கொஞ்சம் ஏறி இறங்க வேண்டும். மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் ரேடியேட்டர் கூலன்டுக்குப் பதில் காற்றை இழுக்கும். டேங்க் நிறைந்தே இருக்க, ரேடியேட்டர் உள்ளே குறைந்துகொண்டே போகும்.

காலையில் வண்டியை ஸ்டார்ட் செய்யும் முன் மூடியைத் திறந்தால் கூலன்ட் கழுத்து வரை நிற்க வேண்டும். சூடாக இருக்கும்போது மட்டும் கைவைத்துவிடாதீர்கள், முகத்தில் பீய்ச்சியடிக்கும். புது மூடி வாங்கும்போது பழையதன் மேல் 0.9, 1.1 என்பது போல் பொறித்திருக்கும் எண்ணைப் பார்த்து அதே அளவில் வாங்குங்கள். அதிக விலையும் ஆகாது.

டிராஃபிக்கில் மட்டும் முள் ஏறுவதால் ரேடியேட்டர் ஃபேன் சுற்றுகிறதா என்றும் பார்த்துவிடுங்கள். இரண்டும் சரியாக இருந்தும் கூலன்ட் குறைந்தால் ஹோஸ் கிளாம்ப், வாட்டர் பம்ப் பக்கம் காய்ந்த கறை தெரிகிறதா என்று தேடுங்கள். ஆயில் மூடியின் அடியில் பால்காபி நிறத்தில் நுரை படிந்திருந்தால் இன்ஜினுக்குள் கூலன்டும் ஆயிலும் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கெட்டில் கோளாறு இருக்கலாம். மெக்கானிக் பார்க்கும்வரை வண்டியை எடுக்காதீர்கள்.

வெறும் தண்ணீர் வேண்டாம். கரூரில் உறையும் குளிர் இல்லை என்பது சரிதான், ஆனால் கூலன்டின் வேலை உறையாமல் காப்பது மட்டுமில்லை. துருப்பிடிக்காமல் காக்கிறது, கொதிநிலையையும் உயர்த்துகிறது. போர் தண்ணீர் ஊற்றினால் ரேடியேட்டர் குழாய்களில் உப்பு படிந்து அடைக்கும். வழியில் அவசரமென்றால் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டர் பரவாயில்லை.

நிறத்தை நம்பி வாங்காதீர்கள். அது கம்பெனி கலக்கும் சாயம்தான். இரண்டு கம்பெனியின் பச்சை ஒன்றாக இருக்கும் என்று எந்த விதியும் இல்லை. வண்டியின் மேனுவலில் சொல்லியிருக்கும் வகையா, லேபிளில் இந்தியத் தரமான ஐஎஸ் 5759 அல்லது ஜப்பானியத் தரமான ஜேஐஎஸ் கே 2234 என்று இருக்கிறதா என்று பாருங்கள். உள்ளே இருப்பது என்ன வகை என்று தெரியாவிட்டால், மேலே ஊற்றிக் கலக்காமல் முழுதாக வடித்து, அலசிவிட்டு நிரப்புவதே நல்லது.

இன்னொன்று, விலையை ஒப்பிடும்போது கான்சன்ட்ரேட்டா ரெடிமிக்ஸா என்று கவனியுங்கள். ஒரு லிட்டர் கான்சன்ட்ரேட்டில் அதே அளவு டிஸ்டில்டு வாட்டர் சேர்த்தால் இரண்டு லிட்டர் கிடைக்கும். ரெடிமிக்ஸை அப்படியே ஊற்ற வேண்டியதுதான்.

வடித்த பழைய கூலன்டைத் திறந்து வைக்காதீர்கள். பெரும்பாலும் அதில் இருப்பது எத்திலீன் கிளைக்கால். இனிப்பாக இருப்பதால் நாய் நக்கிவிடும், கடும் விஷம். குழந்தைகள் இருக்கும் வீடென்றால் சொல்லவே வேண்டாம்.