கோத்தகிரியிலிருந்து ஹெமிஸ் மடாலயத்துக்கு: மலைவாசிக்கும் மூச்சு வாங்குமா?

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன், வயது 46. இருபது ஆண்டுகளாக மேட்டுப்பாளையம் சாலையில் பைக் ஓட்டுகிறேன். என்னிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த பழைய 350 சிசி புல்லட். லடாக்கில் உள்ள ஹெமிஸ் மடாலயத் திருவிழாவுக்கு மனைவியைப் பின்னால் அமர்த்திக்கொண்டு மணாலி வழியாகப் போக விரும்புகிறேன். மலையிலேயே வாழும் எங்களுக்கும் உயரம் ஒத்துக்கொள்ளாமல் போகுமா? வண்டியில் என்னென்ன வேலை செய்ய வேண்டும்?

பதில்: நீங்கள் வண்டியைப் பற்றி அதிகமாகவும் உடம்பைப் பற்றிக் குறைவாகவும் கவலைப்படுகிறீர்கள் என்று கேள்வியைப் படித்ததுமே தோன்றியது. நம் மலைக்காரர்கள் எல்லோரும் செய்கிற தவறு இது, நானும் செய்திருக்கிறேன். உயரத்தால் வரும் தலைவலியும் குமட்டலும் பெரும்பாலும் 2,500 மீட்டருக்கு மேல்தான் தலைகாட்டும். கோத்தகிரி ஏறத்தாழ 1,800 மீட்டர், ஊட்டி 2,240 மீட்டர். நாம் படுத்து உறங்கும் ஊர்கள் எல்லாமே அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருக்கின்றன. தொட்டபெட்டாவின் உச்சியே 2,637 மீட்டர்தான். மணாலி–லே சாலையின் மிக உயர்ந்த கணவாயான தங்லங் லா சுமார் 5,300 மீட்டர், அதாவது ஒரு தொட்டபெட்டாவின் மேல் இன்னொன்றைத் தூக்கி வைத்த உயரம். மேட்டுப்பாளையத்தில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் கோத்தகிரி வந்து சேரும்போது உப்பியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அளவு காற்றழுத்தக் குறைவுக்குத்தான் நம் உடல் பழகியிருக்கிறது. தங்லங் லாவில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய பாதிதான்.

ஆகவே, மணாலி வழியாக ஏறும் திட்டத்தை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் முதல் ஆலோசனை. மணாலி 2,050 மீட்டர். அங்கிருந்து புறப்படுபவர்களில் பலர் இரண்டாம் இரவே 4,290 மீட்டரில் உள்ள சர்ச்சுவில் கூடாரத்தில் தங்கிவிடுகிறார்கள். நானும் முதல் பயணத்தில் அப்படித்தான் தங்கினேன். விடியும்வரை உட்கார்ந்தே இருந்தேன். ஷூ கயிறு கட்டக் குனிந்தால் மண்டைக்குள் சுத்தியல் அடிப்பதுபோல் இருந்தது. சர்ச்சுவில் உடம்பு கெட்டால் உடனே கீழே இறங்கவும் வழியில்லை என்பதுதான் பெரிய ஆபத்து. திரும்பினால் சுமார் 4,900 மீட்டர் உயரமுள்ள பாரலாச்சா லாவை ஏற வேண்டும். முன்னே போனால் அதைவிட உயரமான லாச்சுங் லாவும் தங்லங் லாவும் காத்திருக்கின்றன.

இதற்கு மாறாக, ஸ்ரீநகர் வழியாக ஏறுங்கள். ஸ்ரீநகர் 1,585 மீட்டர், கிட்டத்தட்ட நம் ஊர் உயரம். 3,528 மீட்டர் சோஜி லாவைத் தாண்டி இறங்கினால் கார்கில் 2,676 மீட்டரில் இருக்கிறது. அங்கே இரண்டு இரவு தங்குங்கள். பிறகு இந்தப் பாதையின் மிக உயர்ந்த இடமான ஃபோட்டு லாவை (4,108 மீட்டர்) பகலில் கடந்து, சுமார் 3,100 மீட்டரில் உள்ள ஆல்ச்சியில் ஓர் இரவு தங்கலாம். அங்கே உள்ள பழைமையான சுவரோவியங்களுக்காகவே தங்கினாலும் தகும். லே 3,500 மீட்டர். அங்கே போனதும் இரண்டு நாள் வண்டியைத் தொடாமல் ஓய்வெடுங்கள். பகலில் எவ்வளவு உயரம் ஏறினோம் என்பதைவிட இரவில் எந்த உயரத்தில் தூங்கினோம் என்பதுதான் முக்கியம். மணாலிப் பாதையைத் திரும்பும்போது வைத்துக்கொண்டால், பழகிய உடலோடு அதே சர்ச்சுவை எளிதாகக் கடப்பீர்கள்.

உடல் உயரத்துக்குப் பழக அசெட்டசோலமைடு மாத்திரை உதவும். ஆனால் சல்ஃபா ஒவ்வாமை உண்டா என்பதைச் சொல்லி மருத்துவரிடம் கேட்டுவிட்டே இருவரும் எடுத்துக்கொள்ளுங்கள். நடை தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினாலோ, பேச்சு குழறினாலோ, மாத்திரையை நம்பிக் காத்திராமல் உடனே கீழே இறங்கிவிட வேண்டும்.

இனி வண்டி. ஆயிரம் மீட்டருக்கு ஏறத்தாழ பத்து சதவீதம் என்ற கணக்கில் எஞ்சினின் இழுவை குறையும். கார்புரேட்டர், காற்று மெலிந்ததை அறியாமல் பழைய அளவிலேயே பெட்ரோலை விடுவதால், பிளக் கரி பிடிக்கும், புகை கறுக்கும், வண்டி திணறும். கோத்தகிரியில் டியூன் செய்த வண்டி ஸ்ரீநகர் உயரத்தில் வீட்டில் ஓடுவதுபோலவே ஓடும். சோஜி லாவுக்குப் பிறகுதான் வித்தியாசம் தெரியும். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் அளவைத் தீர்மானிக்கும் துளையுள்ள திருகான மெயின் ஜெட்டை, ஒன்றிரண்டு அளவு சிறியதாக வாங்கி, அதை மாற்றும் வேலையை உங்கள் மெக்கானிக்கிடம் இங்கேயே இரண்டு முறை செய்து பழகிக்கொள்ளுங்கள். கணவாயில் விரல் விறைத்த நிலையில் கற்றுக்கொள்ள முடியாது. சமவெளிக்கு இறங்கியதும் பழைய ஜெட்டை மறவாமல் மாட்டிவிடுங்கள். சிறிய ஜெட்டோடு வெயிலில் விரட்டினால் எஞ்சின் சூடேறி பிஸ்டன் பிடித்துவிடும். இருவரும் சாமானும் ஏறிய வண்டி ஏற்றத்தில் திணறும்போது, பாதி கிளட்ச்சில் இழுக்காமல் முதல் கியரில் நிதானமாக விடுங்கள். அங்கே வண்டிகள் நின்றுபோவது பெரும்பாலும் கருகிய கிளட்ச் பிளேட்டால்தான். கிளட்ச் கேபிளும் ஒன்று கூடுதலாக இருக்கட்டும்.

கொண்டை ஊசி வளைவைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. கல்லட்டி இறக்கத்தில் செகண்ட் கியரில் எஞ்சினைப் பிடித்து இறங்கத் தெரிந்தவருக்கு லாச்சுங் லா இறக்கம் அந்நியமாகத் தோன்றாது. ஆனால் நீரோடை விஷயத்தில் நம் பழக்கம் நம்மை ஏமாற்றும். இங்கே மழை பெய்தால் ஓடை பெருகும். அங்கே வெயில் அடித்தால் பெருகும். பனி உருகி வரும் தண்ணீர் சாலையைக் குறுக்கே அறுத்துக்கொண்டு ஓடும். காலையில் கணுக்கால் அளவு இருப்பது பிற்பகலில் முழங்காலைத் தொடும். முற்பகலுக்குள் கடந்துவிடுங்கள், உங்கள் மனைவி இறங்கி மறுகரைக்கு வரட்டும். விடியற்காலையிலும் புறப்படாதீர்கள், தேங்கிய நீர் கண்ணாடியாக உறைந்து கிடக்கும்.

மற்றவை சுருக்கமாக. வண்டியைக் கோவையிலிருந்து ரயில் பார்சலில் ஜம்முவுக்கோ டெல்லிக்கோ அனுப்பலாம். டேங்க்கில் பெட்ரோல் சொட்டுக்கூட இருக்கக்கூடாது. பிற மாநில ப்ரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது, போஸ்ட்பெய்டு வேண்டும். திரும்பும்போது லேயைத் தாண்டி வரும் காரு என்ற ஊரில் டேங்க்கை நிரப்பி, கேனிலும் பத்து லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். மணாலிப் பக்கத்துத் தண்டியில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்று எழுதி வைத்த பலகை பிரசித்தம்.

ஹெமிஸ் திருவிழா திபெத்திய நாட்காட்டியின் ஐந்தாம் மாதம் பத்தாம், பதினோராம் நாட்களில் வருவதால், ஆண்டுக்காண்டு நம் தேதி மாறும். விடுப்பு எழுதுமுன் அந்த ஆண்டின் தேதியை உறுதி செய்துகொள்ளுங்கள். லேயிலிருந்து சுமார் 45 கிலோமீட்டர். காருவில் சிந்து நதிப் பாலத்தைக் கடந்து ஏற வேண்டும். மடாலயத்தில் வண்டியை நிறுத்தியதும் படியேற அவசரப்படாமல் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு, ஹெல்மெட்டைக் கழற்றிக்கொண்டு போங்கள். பிரார்த்தனைச் சக்கரங்களை நம் கோயில் பிரகாரம் சுற்றும் திசையிலேயே உருட்ட வேண்டும். வழியில் மந்திரம் செதுக்கிய கற்களை அடுக்கிய நீண்ட சுவர் குறுக்கிட்டால், அது உங்கள் வலக்கைப் பக்கம் இருக்கும்படி கடக்க வேண்டும். இடப்பக்கமாகவே வண்டி ஓட்டிப் பழகிய நமக்கு அது தானாகவே வந்துவிடும்.