கொல்லி செல்கள் கருவைக் கொல்லாதது ஏன்? நஞ்சுக்கொடியும் நோயெதிர்ப்பும்: கேள்வி பதில்

கேள்வி: பிறர் தந்த சிறுநீரகத்தை எதிர்க்கும் உடல், பாதி மரபணுக்களைத் தந்தையிடமிருந்து பெற்ற கருவை ஏன் எதிர்ப்பதில்லை?

பதில்: 1953இல் நோயெதிர்ப்பு ஆய்வாளர் பீட்டர் மெடவார் எழுப்பிய கேள்வி இது. தாயின் நோயெதிர்ப்பு மண்டலம் நேருக்கு நேர் சந்திப்பது கருவை அன்று, நஞ்சுக்கொடியைத்தான் என்பதிலிருந்து விடையைத் தொடங்க வேண்டும். தாயின் இரத்தத்தில் நேரடியாக நனையும் அதன் மேற்படலம், 'நான் இன்னார்' என்று அறிவிக்கும் எச்எல்ஏ புரதங்களை ஏந்துவதேயில்லை; ஆகவே அயல் செல்களை இனங்கண்டு தாக்கும் டி செல்களுக்கு அடையாளம் காண அங்கே எதுவும் கிடைப்பதில்லை. ஆனால் கருப்பைச் சுவருக்குள் ஊடுருவும், நஞ்சுக்கொடியைச் சேர்ந்த ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் எச்எல்ஏ-சி, ஈ, ஜி ஆகிய மூன்றையும் வெளிக்காட்டுகின்றன. இவற்றுள் ஜி வகை பெரும்பாலும் எல்லா மனிதரிடமும் ஒன்றுபோலவே இருப்பது. சி வகையோ ஆளுக்கு ஆள் மாறுவது, தந்தையின் முத்திரையையும் தாங்கி வருவது. எனவே கரு முற்றிலும் ஒளிந்துகொள்கிறது என்று சொல்வது பொருந்தாது.

கேள்வி: எனக்கு இரண்டாம் மாதம். கருப்பையில் இப்போது 'இயற்கைக் கொல்லி செல்கள்' நிறைந்திருக்கும் என்று படித்ததிலிருந்து அச்சமாக இருக்கிறது, டாக்டர்.

பதில்: அஞ்ச வேண்டாம், அம்மா, அச்சுறுத்துவது அந்தப் பெயர் மட்டுமே. இரத்தத்தில் உள்ள அவற்றின் உறவினச் செல்கள் புற்றுச் செல்களை அழிப்பதைக் கண்டு வைத்த பெயர், கருப்பையில் உள்ளவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது. முதல் மூன்று மாதங்களில், கருவுற்ற கருப்பையின் உட்படலத்திலுள்ள வெள்ளணுக்களில் ஏறத்தாழ 70 விழுக்காடு இவைதாம். ஆனால் இவற்றின் முதன்மைப் பணி கொல்வதன்று, வழியமைப்பது. கருப்பையின் சுருள் தமனிகள் இயல்பில் குறுகியவை, தசைச்சுவர் உடையவை. இச்செல்கள் சுரக்கும் பொருட்கள் அச்சுவரைத் தளர்த்த, பின்தொடர்ந்து வரும் ட்ரோஃபோபிளாஸ்ட் செல்கள் அதை மாற்றியமைக்கின்றன. தமனிகள் அகன்று சுருங்கும் தன்மையை இழப்பதால், இரத்தம் பீறிட்டு மோதாமல் மெதுவாகவும் தாராளமாகவும் நஞ்சுக்கொடியை வந்தடைகிறது. இச்செல்கள் இல்லாத எலிகளில் தமனிகள் குறுகியே இருந்துவிட்டன.

இன்னும் வியப்பானது ஒன்றுண்டு. தாயின் கொல்லி செல்கள் எச்எல்ஏ-சியை உணர்வது கேஐஆர் எனும் ஏற்பிகளால். அவற்றுள் செல்லின் செயலைத் தடுக்கும் இயல்புள்ளவை மேலோங்கியிருந்து, கரு எச்எல்ஏ-சியின் சி2 எனும் உள்வகையைப் பெற்றிருந்தால், முன்சூல்வலிப்பு எனப்படும் உயர் இரத்த அழுத்தச் சிக்கலுக்கான வாய்ப்பு கூடுகிறது. அதாவது, இங்கே தீங்கு விளைவது இச்செல்கள் மிகையாகத் தூண்டப்படுவதால் அன்று, போதிய அளவு தூண்டப்படாமையால்.

கேள்வி: மூன்று முறை கருச்சிதைவு ஏற்பட்டது. இரத்தத்தில் கொல்லி செல்கள் மிகுதி என்று கூறி, எதிர்ப்பாற்றலை அடக்க நாளத்தின் வழியே கொழுப்புக் கரைசல் ஏற்றப் பரிந்துரைக்கிறார்கள். ஏற்கலாமா?

பதில்: உங்கள் இழப்புகளுக்காக வருந்துகிறேன். இரத்தத்திலுள்ள கொல்லி செல்கள் கருப்பையில் உள்ளவற்றினின்று வகையிலும் நடத்தையிலும் வேறுபட்டவை. ஆகவே அந்த எண்ணிக்கையைக் கொண்டு கருப்பையின் நிலையைக் கணிக்க இயலாது. தொடர் கருச்சிதைவு பற்றிய ஐரோப்பிய மனித இனப்பெருக்கவியல் மற்றும் கருவியல் சங்கத்தின் வழிகாட்டுதலும் இச்சோதனையையோ இந்தக் கரைசலையோ பரிந்துரைக்கவில்லை. என் கருத்தும் அதுவே. மாறாக, இரத்தம் உறைவதைத் தூண்டி, கருச்சிதைவுக்கும் காரணமாகக்கூடிய ஆன்டிபாஸ்போலிப்பிட் எதிர்ப்பொருளுக்கான சோதனை செய்யப்பட்டதா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். அது உறுதியானால், குறைந்த அளவு ஆஸ்பிரினும், இரத்தம் உறைவதைத் தடுக்கும் ஹெப்பாரினும் கொண்ட சிகிச்சை உண்டு.

கேள்வி: நஞ்சுக்கொடியிலுள்ள நோயெதிர்ப்புச் செல்கள் யாவும் தாயுடையவையா?

பதில்: இல்லை. நஞ்சுக்கொடியின் விரல் போன்ற நீட்சிகளுக்குள் வாழும் ஹாஃப்பவர் செல்கள் கருவுக்குச் சொந்தமான விழுங்கு செல்கள். நான்காம் வாரத்திலேயே தோன்றிவிடுபவை. இரத்தக்குழாய் வளர்ச்சிக்கும் திசுச் சீரமைப்புக்கும் துணைநிற்கும் இவற்றுக்குள்ளேயே ஜிகா வைரஸ் பெருகவல்லது என்பதுதான் கவலைக்குரியது.

கேள்வி: கருவுற்ற காலத்தில் எதிர்ப்பாற்றல் குன்றிவிடும் என்றால், தடுப்பூசியால் என்ன பயன்?

பதில்: குன்றுவதில்லை, மாறியமைகிறது. தடுப்பூசியால் உருவாகும் ஐஜிஜி எதிர்ப்பொருளை, நஞ்சுக்கொடியின் மேற்படலத்திலுள்ள தனி ஏற்பிகள் பற்றிக் கருவுக்குக் கடத்துகின்றன. ஏறத்தாழ 13ஆம் வாரத்தில் சிறிதளவில் தொடங்கும் இக்கடத்தல், இறுதி மூன்று மாதங்களில் உச்சத்தை எட்டுகிறது. நிறைமாதக் குழந்தையிடம் அதன் அளவு தாயிடம் இருப்பதைவிடவும் மிகுந்திருப்பதுண்டு. கக்குவான் இருமல் தடுப்பூசியைக் கருவுற்ற காலத்திலேயே போடுவது இதனால்தான். உருவில் பெரிய ஐஜிஎம் எனும் எதிர்ப்பொருள் இவ்வாறு கடப்பதில்லை; பிறந்த குழந்தையின் இரத்தத்தில் ரூபெல்லா எனும் ஜெர்மன் தட்டம்மைக்கு எதிரான ஐஜிஎம் காணப்பட்டால், அதைக் குழந்தையே உருவாக்கியிருக்க வேண்டும் என்றும், கருவிலேயே தொற்று ஏற்பட்டிருக்கக்கூடும் என்றும் மருத்துவர்கள் கொள்கிறார்கள்.