ஆறிப்போனா அது பேன்கேக் இல்ல: வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல சும்மா ஒரு வரி எழுதினேன், "ஞாயித்துக்கிழம காலைல தெருமுன ரெஸ்டாரன்ட்ல தனியா போய் பேன்கேக் சாப்ட்டேன், அன்னிக்கு மதியம் வரைக்கும் யார் மேலயும் கோவமே வரல"ன்னு, அவ்ளோதான். அதுக்கு வந்து குவிஞ்ச கேள்விய பாத்தா, நான் மண்டைய உடச்சுகிட்டு எழுதின கட்டுரைக்கு எல்லாம் இதுல பாதிகூட வந்ததில்ல. சரி, இந்த வாரம் முழுக்க அதுவேதான், படிங்க.

அக்கா, நானும் வீடியோ பாத்து நாலு தடவ செஞ்சுட்டேன். ரெஸ்டாரன்ட்ல வர்ற மாதிரி மெத்துமெத்துன்னு வரவே மாட்டேங்குது. ஒண்ணு ரப்பர் மாதிரி இழுக்குது, இல்லன்னா மேல கருகி உள்ள பச்ச மாவா இருக்கு. அவங்க அப்படி என்னதான் போடறாங்க?

ஒண்ணும் போடறதில்லம்மா. மைதா, முட்ட, பால் இல்லன்னா மோர், துளி சர்க்கரை, உருக்கின வெண்ணெய், பேக்கிங் பவுடர், உப்பு, இதுக்கு மேல பெருசா ரகசியம் கிடையாது. பிரச்சன பொருள்ல இல்ல, உங்க கைல இருக்கு. கட்டியே இருக்கக்கூடாதுன்னு பட்டு மாதிரி ஆகற வரைக்கும் அடிச்சிருப்பீங்க, சரிதானே? மைதால ஈரம் பட்டு கலக்க கலக்க க்ளூட்டன்னு ஒண்ணு இழை இழையா இழுத்துப் பிடிச்சுக்கும், பிரெட்டுக்கு அது வேணும், பேன்கேக்குக்கு அதுதான் எமன். மாவு நனைஞ்சா போதும், அங்கங்க சின்னச் சின்னக் கட்டி கெடந்தா கெடக்கட்டும், பத்து நிமிஷம் மூடி வைங்க, அதுவா ஊறி பாதி சரியாயிடும், மிச்சம் கல்லுல வேகறப்போ காணாம போயிடும்.

அடுத்தது அந்த கல்லு. ரெஸ்டாரன்ட் அடுப்படிய எட்டிப் பாத்தீங்கன்னா தெரியும், கனமான பெரிய இரும்புத் தகடு, காலைலேருந்து ஒரே சூட்டுல, சுமாரா 190 டிகிரி செல்சியஸ்ல கெடக்கும், அதுல பத்து கரண்டி மாவு ஊத்தினாலும் அதோட சூடு அசையாது. நம்ம வீட்ல இருக்கறது மெல்லிசு பேன், மாவு விழுந்ததும் பொசுக்குன்னு ஆறிடும், ஐயோ வேகலியேன்னு நாம தீய கூட்டுவோம், அடுத்ததுக்கு அடி கருகிடும். இதனாலதான் எல்லார் வீட்லயும் முதல் பேன்கேக் கோணலா வருது, அத அடுப்படில நின்னுகிட்டே தின்னுட்டு யார்கிட்டயும் சொல்லாம விட்ரணும். கனமான கல்லு எடுங்க, மிதமான தீயில அஞ்சு நிமிஷமாவது காய விடுங்க, தண்ணிய தெளிச்சா துளி ஓடி ஆடணும். மேல வர்ற குமிழி ஒடஞ்சு ஓட்டை மூடாம அப்படியே நின்னா திருப்புங்க, ஒரே தடவதான் திருப்பணும், திருப்பினப்புறம் தோசைத்திருப்பி கைல இருக்கேன்னு மேல அமுக்காதீங்க, உள்ள இருக்கற காத்து பூரா போயிடும்.

அந்த காத்து எங்கேருந்து வருதுன்னா, மோர்ல இருக்கற புளிப்பும் சோடா உப்பும் சேந்தா கார்பன் டை ஆக்சைடு வரும். ஆனா அது கலக்கின உடனே வர ஆரம்பிச்சு போயிட்டே இருக்கும், சோடா உப்ப மட்டும் நம்பி கலக்கின மாவ ராத்திரி வச்சு காலைல ஊத்தினா தட்டையாதான் வரும். கடைல கெடைக்கற பேக்கிங் பவுடர் பெரும்பாலும் ரெண்டு தவணையா வேல செய்யும், ஈரம் பட்டதும் கொஞ்சம், சூடு பட்டதும் மிச்சம், காலைல மொத்தமா கலக்கி வைக்கற ரெஸ்டாரன்ட்ட காப்பாத்தறது அதுதான்.

டேபிள்ல சின்ன ஜக்ல வைக்கறாங்களே, அது நெஜமாவே மேப்பிள் சிரப்பா? என் ஃப்ரெண்டு "எல்லாம் டூப்ளிகேட்"னு சொல்றான்.

உங்க ஃப்ரெண்டு சொல்றது பாதி உண்மை தம்பி. பேன்கேக் சிரப்னு சாதாரணமா வர்றது பெரும்பாலும் சோளத்துலேருந்து எடுத்த சர்க்கரப் பாகு, அதுல கலரும் வாசனையும் சேர்த்தது, மேப்பிள் மரத்த அது கண்ணால கூட பாத்திருக்காது. நெஜ மேப்பிள் சிரப் மரத்துலேருந்து வடியற சாறு, ராத்திரி உறைபனி பகல்ல இளக்கம்னு மாறி மாறி வர்ற குளிர்கால கடைசிலதான் நல்லா ஊறும். எடுக்கறப்போ பாத்தா தண்ணி மாதிரிதான் இருக்கும், சர்க்கரை சுமார் 2 சதவீதம்தான். அத காய்ச்சி காய்ச்சி கிட்டத்தட்ட 40 லிட்டர் சாறு சுண்டினா 1 லிட்டர் சிரப். இப்ப சொல்லுங்க, இத எந்த ரெஸ்டாரன்ட் சும்மா ஜக் ஜக்கா டேபிள்ல வைக்கும்? உலகத்துலயே அதிகமா செய்யறது கனடாவுல கியூபெக் மாகாணம், அங்க வேணா வைப்பாங்களோ என்னவோ.

கண்டுபிடிக்கறது சுலபம். ஊத்திப் பாருங்க, நெஜமானது இளசா ஓடி பேன்கேக்குக்குள்ள எறங்கிடும், மத்தது கொழகொழன்னு மேலயே குந்திகிட்டு இருக்கும். சந்தேகமா இருந்தா சர்வர்கிட்டயே கேளுங்க, "ஒரிஜினல் தனியா காசு சார்"னு சொன்னா அது நேர்மையான கடைன்னு அர்த்தம், கோவப்படாதீங்க. கோல்டன், ஆம்பர், டார்க், வெரி டார்க்னு நாலு ரகம் இருக்கு, கலர் கூடக் கூட ருசி அழுத்தமா வரும், நிறைய பேர் கோல்டன்தான் ஒசத்தின்னு நெனைக்கறாங்க, நமக்கு பேன்கேக்குக்கு டார்க்தான். இன்னொண்ணு, சிரப்ப கொஞ்சம் சூடு பண்ணித் தரச் சொல்லுங்க. ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த சிரப்ப சுடச்சுட இருக்கற பேன்கேக் மேல ஊத்தறது, தூங்கறவன் மூஞ்சில தண்ணி தெளிக்கற மாதிரி.

மேல ஊத்தி சாப்பிடறதா, தொட்டுகிட்டு சாப்பிடறதா? வீட்ல தினம் சண்ட.

வெண்ணெய் முதல்ல, அதுவும் தட்டு வந்த நிமிஷமே, அடுக்குக்கு நடுவுலயும் தடவணும். வெண்ணெய் உருகினப்புறம் சிரப், கொஞ்சமா, அப்பப்ப. ஒரே அடியா ஊத்தினா கடைசி பேன்கேக் களியாயிடும். இதுல எனக்கு சமரசமே கிடையாது.

மேடம், போன வாரம் பார்சல் வாங்கிட்டு வந்தோம், வீட்டுக்கு வர்றதுக்குள்ள ஈரத்துணி மாதிரி ஆயிடுச்சு. கடைல திட்டலாமா?

கடைய ஏன் திட்டணும், நம்மளத்தான் திட்டிக்கணும். சூடா அடுக்கி மூடி போட்டா அதோட ஆவி வெளிய போக வழி இல்லாம மூடில பட்டு திரும்ப அதும் மேலயே விழுது, ஓரத்துல இருந்த மொறுமொறுப்புதான் முதல்ல சாகும். நானும் ஒரு தடவ மழைக்கு சோம்பல்பட்டு வரவழைச்சேன், டப்பாவ தெறந்தா மூணும் ஒட்டி ஒண்ணாகி, சிரப் டப்பா கவுந்து, மேல இருந்த ஸ்ட்ராபெரி அழுதுகிட்டு இருந்துச்சு. வாங்கியே ஆகணும்னா மூடிய லேசா தெறந்து வைக்கச் சொல்லுங்க, சிரப் தனியா, வந்ததும் வெறும் கல்லுல எண்ணெய் இல்லாம பக்கத்துக்கு ஒரு நிமிஷம் போடுங்க. ஆனாலும் சொல்றேன், இது கல்லுலேருந்து தட்டுக்கு, தட்டுலேருந்து வாய்க்குன்னு போக வேண்டிய ஐட்டம், நடுவுல வண்டி ஏறக்கூடாது.

டச் பேபின்னு ஆர்டர் பண்ணா இருபது நிமிஷம் ஆகும்னாங்க. பக்கத்து டேபிளுக்கு அஞ்சு நிமிஷத்துல பேன்கேக் வந்துருச்சு. ஆள் பாத்து குடுக்கறாங்களோன்னு தோணுச்சு.

இல்லங்க, அது வேற ஜாதி. டச் பேபி கல்லுல சுடறதில்ல, நல்லா காஞ்ச இரும்புச் சட்டில வெண்ணெய் போட்டு, முட்ட தூக்கலா இருக்கற தண்ணி மாவ ஊத்தி அப்படியே ஓவன் அடுப்புக்குள்ள வைப்பாங்க. பேக்கிங் பவுடரே கெடையாது, முட்டையும் ஆவியுமே அத பலூன் மாதிரி ஊத வைக்கும், வெளிய எடுத்த கொஞ்ச நேரத்துல புஸ்ஸுன்னு அமுங்கிடும், அது அதோட சுபாவம், திருப்பி அனுப்பிடாதீங்க. பேர்லதான் டச், ஆளு ஜெர்மன் வழி, ஜெர்மன்காரங்க தங்கள சொல்லிக்கற 'டாய்ச்'ங்கற வார்த்த வாய்க்கு வாய் மாறி டச் ஆச்சுன்னு சொல்வாங்க. ஜப்பான்ல பிரபலமான சூஃப்லே பேன்கேக்கும் இப்படித்தான், வெள்ளைக்கருவ தனியா நுரைக்க அடிச்சு, சின்ன தீயில மூடி போட்டு வேக விடறது, அவசரப்படுத்தினா உள்ள கூழா இருக்கும். பசி உயிர் போகுதுன்னா சாதா பேன்கேக் சொல்லுங்க, பேசறதுக்கு ஆள் இருந்தா டச் பேபி சொல்லுங்க.

மாமியாருக்கு சுகர். அவங்கள கூட்டிட்டுப் போறப்போ அவங்க மட்டும் காபி குடிச்சுகிட்டு நம்ம தட்டையே பாக்கறாங்க, சாப்பிடவே முடியல அக்கா.

அந்த பார்வை எனக்குத் தெரியும்டா. முதல்ல கணக்க சொல்லிடறேன், கால் கப் மேப்பிள் சிரப்ல கிட்டத்தட்ட 50 கிராம் சர்க்கரை இருக்கு. ஒரு நாளைக்கு 2000 கலோரி சாப்பிடற, சுகர் இல்லாத ஆளுக்கே இந்த மாதிரி சேர்த்த சர்க்கரை 50 கிராமுக்குள்ள இருக்கணும், 25க்குள்ள இருந்தா இன்னும் நல்லதுன்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது, ஆக அந்த ஜக்க அவங்க பக்கம் நகத்தக்கூடாது. அதோட மைதாவும் மாவுச்சத்துதான், சிரப் ஊத்தலன்னாலும் சுகர் ஏறும், மெனுல சுகர் ஃப்ரீன்னு போட்டிருந்தாலும் நம்பி ஏமாறாதீங்க. அவங்களுக்கு முட்ட ஐட்டம் ஏதாவது வயிறார சொல்லிட்டு, டாக்டர் சரின்னு சொன்ன அளவுக்கு உங்க தட்டுலேருந்து ஒரு பேன்கேக்ல பாதி, சிரப்புக்குப் பதிலா நாலு பெர்ரி பழம் வச்சுக் குடுங்க. மாத்திர, இன்சுலின் போடறவங்கன்னா நேரம் தவறாம பாத்துக்கங்க, ஞாயித்துக்கிழம க்யூல நின்னு லேட்டாகும். முக்கியமா, "உங்களுக்கு ஆகாது அத்தை"ன்னு சர்வர் முன்னாடி சொல்லாதீங்க, அதுல அவங்களுக்கு எவ்ளோ கஷ்டமா இருக்கும்.

எனக்கு கோதுமையே ஆகாது, சீலியாக்னு க்ளூட்டன் ஒத்துக்காத நோய். பக்வீட் பேன்கேக் சாப்பிடலாமா?

பக்வீட் பேர்லதான் வீட், அது வேற ஒரு செடியோட விதை, கோதுமைக்கு சொந்தமே இல்ல. ஆனா ரெஸ்டாரன்ட்ல அதோட மைதா கலக்கறது சகஜம், கலக்கலன்னாலும் அதே கல்லுலதான் சுடுவாங்க. ரெண்டையும் கேளுங்க, பதில் இழுத்தா காபியோட எழுந்துடுங்க.

அக்கா, நீங்க தனியா போனேன்னு எழுதினீங்களே, எனக்கும் ரொம்ப நாள் ஆச. ஆனா எல்லாரும் குடும்பமா வந்து உக்காந்திருப்பாங்க, ஒத்த ஆளா போனா பரிதாபமா பாப்பாங்களோன்னு வாசல் வரைக்கும் போய் திரும்பி வந்துட்டேன்.

அடப்பாவி, வாசல் வரைக்கும் போயிட்டயா, வாசனை வந்திருக்குமே, எப்படி திரும்பின? நானும் முதல் தடவ ஃபோன கைல வச்சுகிட்டு ரொம்ப முக்கியமா ஏதோ பண்ற மாதிரி நடிச்சேன், தட்டு வந்துச்சு, கொஞ்ச நேரம் கழிச்சுதான் நிமிந்து பாத்தேன், ஒருத்தரும் என்ன பாக்கல. அந்தப் பக்கம் ஒரு அம்மா குழந்தைக்கு துண்டு போட்டு குடுத்துகிட்டு இருந்தாங்க, தன்னோடது ஆறிகிட்டு இருக்கு, இந்தப் பக்கம் ரெண்டு பேரு ஃபோட்டோ எடுத்து முடியறதுக்குள்ள வெண்ணெய் வழிஞ்சு தட்டுக்கு வந்துடுச்சு. அந்த ஹால்லயே சூடா சாப்பிட்ட ஒரே ஆள் நான்தான். கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, கடை தெறந்த அரை மணிக்குள்ள போ, கல்லு அப்பதான் சூடு பிடிச்சு சுத்தமா இருக்கும், உள்ள அடுப்படி தெரியற மாதிரி சீட்டு கேளு. ரெண்டு பேன்கேக் சொல்லு, மூணு வேண்டாம், மூணாவதுக்கு யாருக்குமே ருசி தெரியறதில்ல. வேணும்னா அப்புறமா இன்னொண்ணு கேட்டுக்கலாம், அது புதுசா சூடா வரும்ல.