சுவர் சுவிட்ச் அப்படியே இருக்கட்டும்

வீட்டு மின்சாரம்: வாசகர் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பாலிடெக்னிக் மின்னியல் ஆசிரியை ஒருவரின் பதில்கள்

வெளிநாட்டில் இருக்கும் மகன் விடுமுறைக்கு வந்தபோது ஆறு ஸ்மார்ட் பல்புகளை மாட்டிவிட்டுப் போனான். நள்ளிரவில் கரண்ட் போய்த் திரும்பினால் ஆறும் ஒரே சமயத்தில் எரிகின்றன. பழக்கத்தில் சுவர் சுவிட்சை அணைத்துவிட்டால் கைப்பேசியில் இயங்குவதில்லை. பல்பில் கோளாறா?
– வாசகி, காரைக்குடி

கோளாறு இல்லை. ஸ்மார்ட் பல்புக்குள் எல்.இ.டி.யோடு ஒரு சின்ன ரேடியோவும் இருக்கிறது. விளக்கு அணைந்திருக்கும்போதும் அது விழித்திருந்து உங்கள் கட்டளைக்குக் காத்திருக்க வேண்டும். சுவர் சுவிட்சை அணைத்தால் அதற்கும் மின்சாரம் நின்றுவிடுகிறது; பிறகு கைப்பேசி யாரை அழைக்கும்?

நள்ளிரவு வெளிச்சத்துக்குச் செயலியிலேயே வழி உண்டு. மின்சாரம் திரும்பும்போது பல்பு எப்படி இருக்க வேண்டும் என்று ஓர் அமைப்பு இருக்கும். பெரும்பாலும் 'எரியட்டும்' என்று வைத்தே விற்கிறார்கள். அதை 'முன்பிருந்த நிலை' என்று மாற்றுங்கள். ஆனால் அப்படி மாற்றினால், கைப்பேசியில் அணைத்த பல்பைச் சுவர் சுவிட்சால் எரிய வைக்க முடியாது. ஒன்றைச் சரிசெய்தால் இன்னொன்று இடிக்கும்.

அதனால்தான் பலர் புழங்கும் வீட்டுக்கு ஸ்மார்ட் பல்பை நான் பரிந்துரைப்பதில்லை. சுவிட்ச் பெட்டிக்குள், சுவிட்சுக்குப் பின்னால் வைக்கும் சிறு ரிலே கருவி கிடைக்கிறது; ரிலே என்பது மின்சாரத்தாலேயே திறந்து மூடும் சுவிட்ச். பல்பு சாதாரண பல்பாகவே இருக்கும். சுவிட்சைத் தட்டினாலும் எரியும், கைப்பேசியில் தொட்டாலும் எரியும். விருந்தாளிக்கும் வேலைக்கு வரும் அம்மாவுக்கும் எதையும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை.

இந்தக் கருவியும் எப்போதும் விழித்திருக்க மின்சாரம் வேண்டும். அதனால் வாங்குமுன், மின்சாரம் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர், அதாவது கறுப்பு வயர், பெட்டிக்குள் இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனைப் பார்க்கச் சொல்லுங்கள். என் வீட்டு வயரிங் 1986-இல் போட்டது. கூடத்து சுவிட்ச் பெட்டியைத் திறந்தபோது, ஒரு சிவப்பு வயர் உள்ளே வந்தது, இன்னொரு சிவப்பு வயர் விளக்குக்கு ஏறியது, அவ்வளவுதான். கறுப்பு வயர் பெட்டிக்குள் இறங்காமல் கூரையை ஒட்டியே விளக்குக்குப் போயிருந்தது. வந்த எலக்ட்ரீஷியன் தம்பி, "டீச்சர், பச்சை வயரில் கொடுத்துவிடலாம், வேலை செய்யும்" என்றார். வேலை செய்யும்தான். ஆனால் பச்சை வயர் எர்த். உயிரைக் காப்பதற்கென்று போட்ட வயரில் தினசரி மின்சாரத்தை ஓட விட்டால், வழியில் எங்காவது அந்த எர்த் அறுந்த அன்று ஃபிரிட்ஜின் உடம்பிலும் வாஷிங் மெஷினின் உடம்பிலும் ஷாக் அடிக்கும். மின்கசிவைக் கண்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்த வீடாக இருந்தால் அது அடிக்கடி விழுந்து எச்சரிக்கலாம். 'சும்மா சும்மா விழுகிறது' என்று அதையும் கழற்றிவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். அடுத்த அறை பிளக் பெட்டியிலிருந்து கறுப்பு வயர் இழுக்க அந்தத் தம்பிக்கு அரை நாள் ஆயிற்று. அந்தக் கூலி நியாயமான கூலி.

16 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கில் 1 ஹெச்.பி. மோட்டாரை இணைத்து, அலுவலகத்திலிருந்தே தண்ணீர் ஏற்றலாமா?
– வாசகர், திருப்பூர்

வேண்டாம். 1 ஹெச்.பி. என்பது 746 வாட்தானே, 16 ஆம்பியர் தாங்காதா என்று கணக்குப் போட்டிருப்பீர்கள். கீசருக்கு அந்தக் கணக்கு சரி. 2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் ஒன்பது ஆம்பியருக்குள் இழுக்கும், கடைசி வரை அதே அளவுதான். மோட்டார் அப்படி இல்லை. கிளம்பும் கணத்தில் ஓடும்போது இழுப்பதைப்போல் பல மடங்கு இழுக்கும்.

என்னிடம் ஒருவர் கொண்டுவந்த பிளக்கைப் பிரித்துப் பார்த்தேன். ரிலேக்குள் மிளகளவுகூட இல்லாத இரண்டு உலோகப் பொட்டுகள் ஒன்றையொன்று தொட்டு விலக வேண்டும். அவை உருகி, நகத்தால் நெம்பியும் பிரியாமல் ஒட்டியிருந்தன. கைப்பேசி 'அணைந்தது' என்று காட்டியிருக்கிறது. மோட்டார் ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. தொட்டி நிரம்பி வழிந்ததோடு போயிற்று. போர்வெல் வற்றிய நேரமாக இருந்திருந்தால் மோட்டாரே கருகியிருக்கும்.

மோட்டாரின் சுமையைக் கான்டாக்டர் (பெரிய மின்சாரத்தைத் தாங்கும் கனமான ரிலே) உள்ள ஸ்டார்ட்டர் தாங்கட்டும். ஸ்மார்ட் கருவி அந்தக் கான்டாக்டரை இழுத்து மூடும் சிறு காந்தச் சுருளை, அதாவது காயிலை, மட்டும் இயக்கட்டும். தண்ணீர் இல்லாமல் ஓடினால் நிறுத்தும் பாதுகாப்பு கட்டாயம். தொட்டியில் மிதவை சுவிட்ச் போடுங்கள். தொட்டி நிரம்பியதும் மோட்டாரை நிறுத்த அதற்கு இணையம் தேவையில்லை.

கதவுக்கு விரல்ரேகைப் பூட்டு போட்டோம். எல்லோருக்கும் திறக்கிறது, 74 வயது அம்மாவுக்கு மட்டும் திறப்பதில்லை. மனம் நொந்துபோகிறார்.
– வாசகி, நாகர்கோவில்

ரேஷன் கடை இயந்திரத்திலும் அவருக்கு இதே தொல்லை இருந்திருக்குமே? வாழ்நாளெல்லாம் பாத்திரம் தேய்த்து, துணி துவைத்து, தேங்காய் துருவிய விரல்களில் ரேகை மழுங்கிப்போகிறது, தோலும் வறண்டுவிடுகிறது. பூட்டு படிக்கத் தவறுவது அவருடைய குற்றம் இல்லை என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். கட்டைவிரலுக்குப் பதில் அதிகம் தேயாத மோதிரவிரலைப் பதியுங்கள். கையில் சிறிது எண்ணெய் தடவித் துடைத்துவிட்டுப் பதிந்தால் பலருக்குப் பிடிக்கிறது. அதுவும் முடியாவிட்டால் எண் அல்லது அட்டை.

இரும்புச் சாவி ஒன்றை நம்பிக்கையான பக்கத்து வீட்டில் கொடுத்து வையுங்கள். பூட்டு பேட்டரியில் ஓடுவது. பல பூட்டுகளில் வெளிப்பக்கம் கீழே இரண்டு உலோகப் புள்ளிகள் இருக்கும். பேட்டரி தீர்ந்துவிட்டால் 9 வோல்ட் பேட்டரியை அங்கே வைத்துப் பிடித்துக்கொண்டு திறக்கலாம். உங்கள் பூட்டில் அது இருக்கிறதா என்று இன்றே குனிந்து பாருங்கள்.

குழந்தையைப் பார்த்துக்கொள்ள வரும் பெண்மணிக்காக வீட்டுக்குள் கேமரா வைத்திருக்கிறோம். வேறு யாராவது அதைப் பார்க்க முடியுமா?
– வாசகர், சென்னை

முடியும், நீங்கள் கதவைத் திறந்து வைத்தால். 2016-இல் மிராய் என்ற தீநிரல் உலகெங்கும் ஏராளமான கேமராக்களையும் ரௌட்டர்களையும் கைப்பற்றியது. அதற்குப் பெரிய வித்தை எதுவும் தேவைப்படவில்லை. தொழிற்சாலையில் வைத்த பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் யாரும் மாற்றாமல் விட்ட கருவிகளைத் தேடித் தேடி நுழைந்தது, அவ்வளவுதான். கேமராவுக்கும் ரௌட்டருக்கும் கடவுச்சொல்லை மாற்றுங்கள், கடவுச்சொல்லோடு இன்னொரு சான்றும் கேட்கும் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்குங்கள், செயலி கேட்கும் புதுப்பிப்பைத் தள்ளிப்போடாதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்கிறேன். கேமரா இருப்பது அந்தப் பெண்மணிக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் இன்று மாலையே சொல்லிவிடுங்கள். எங்கே இருக்கிறது, எது தெரியும் என்று காட்டுங்கள். அவர் உடை மாற்றும் இடத்தையோ உண்டு உறங்கும் இடத்தையோ அது பார்க்கக் கூடாது. உங்கள் பிள்ளையைத் தூக்கி வளர்ப்பவர் அவர்.

கருவி வாங்கும்போது கடைக்காரரிடம் என்ன கேட்க வேண்டும்?
– வாசகர், ஈரோடு

'நெட் போனால் இது வேலை செய்யுமா?' என்று கேளுங்கள். பல கருவிகளில் நீங்கள் தரும் கட்டளை எங்கோ இருக்கும் நிறுவனத்தின் சர்வருக்குப் போய்த்தான் உங்கள் வீட்டு விளக்குக்குத் திரும்புகிறது. நிறுவனம் சர்வரை மூடினால் கருவி காட்சிப் பொருள்தான். அமெரிக்காவில், வீட்டு ஸ்மார்ட் கருவிகளை ஒரே இடத்திலிருந்து இயக்கும் ரிவால்வ் என்ற மையக் கருவிக்கு 2016 மே மாதம் அதுதான் நடந்தது. காசு கொடுத்து வாங்கியவர்கள் கையில் வெறும் டப்பா நின்றது. 2022-இல் வந்த 'மேட்டர்' என்ற பொதுத் தரத்தின் குறி பெட்டியில் இருந்தால் நல்லது. வெவ்வேறு நிறுவனக் கருவிகள் வீட்டு வலைக்குள்ளேயே பேசிக்கொள்ள ஏற்பட்ட தரம் அது. உங்கள் ரௌட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸ் வைஃபை அலைவரிசை இயக்கத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள். விலை குறைந்த பிளக்குகள் பெரும்பாலும் அதில் மட்டுமே சேரும்.

பாட்டி ஊரில் தனியாக இருக்கிறார். முதல் சம்பளத்தில் அவருக்கு ஏதாவது ஸ்மார்ட் கருவி வாங்கித் தர ஆசை. எதை வாங்கலாம்?
– வாசகி, பெங்களூரு

அசைவை உணர்ந்து எரியும் சிறு விளக்குகள் இரண்டு. வைஃபை வேண்டாம், செயலி வேண்டாம். சார்ஜ் செய்யும் வகையாக வாங்குங்கள், கரண்ட் போனாலும் எரியும். ஒன்றைக் கட்டிலுக்குக் கீழே கால் ஊன்றும் பக்கம் ஒட்டுங்கள், வெளிச்சம் கண்ணில் படாமல் தரையில் விழும். மற்றதைக் குளியலறை வாசற்படிக்குப் பக்கத்தில், முழங்காலுக்குக் கீழே. ஊருக்குப் போகும்போது இரவு பாட்டியோடு ஒருமுறை எழுந்து நடந்து பார்த்துவிட்டு, இடத்தைத் தேவைப்பட்டால் மாற்றி ஒட்டுங்கள்.