போர் நடக்கும்போது அதிபரைக் குறை சொல்வது தேசத் துரோகமா?

கேள்வி: "அமெரிக்கப் படைகள் வெளிநாட்டில் சண்டையில் இருக்கும்போது அதிபரின் போர் முடிவுகளைப் பொதுவில் விமர்சிக்கலாமா? விமர்சித்தால் படைவீரர்களுக்கு எதிரானவன் என்கிறார்களே, அது சரியா?"

தாராளமாக விமர்சிக்கலாம். பதில் அவ்வளவுதான். ஆனால் கேள்வியின் இரண்டாவது வரியைப் படித்ததும் எனக்குச் சுருக்கென்றது, அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன்.

உங்கள் நிலைமை இப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அமெரிக்கா வந்து சில வருடங்கள் ஆகியிருக்கும். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஏதோ சொல்லியிருப்பீர்கள், மச்சானோ சித்தப்பாவோ "உப்பிட்டவரை உள்ளளவும் நினை" என்று பாடம் எடுத்திருப்பார், மற்றவர்கள் கை கூப்பும் பொம்மை போட்டிருப்பார்கள். தப்பாக ஊகித்திருந்தால் மன்னிக்கவும். "இவன் ஜனநாயகக் கட்சிக்காரன், அப்படித்தான் எழுதுவான்" என்று பின்னூட்டம் போடக் காத்திருப்பவர்கள் தயவுசெய்து முழுதும் படித்துவிட்டு வாருங்கள், உங்களுக்கும் கீழே தீனி இருக்கிறது.

2004, 2005இல் நான் ஒஹாயோவில், கொலம்பஸில் இருந்தேன். எச்-1பி விசா. ஓட்டு இல்லை, ஆனால் வாய் இருந்தது. பக்கத்து க்யூபிக்கிளில் இருந்தவர் என்னைவிடப் பதினைந்து வயது மூத்தவர், குடியரசுக் கட்சிக்காரர், நல்ல மனிதர். மதியச் சாப்பாட்டு மேசையில் தினமும் எங்களுக்குள் அதிபர் புஷ்ஷின் இராக் போர் பற்றித்தான் சண்டை. "சதாமிடம் இருப்பதாகச் சொன்ன பேரழிவு ஆயுதம் எங்கே?" என்பேன். "2002 அக்டோபரில் செனட்டில் 77க்கு 23 என்று ஓட்டுப் போட்டுத்தானே அனுமதி கொடுத்தார்கள், உன் கெர்ரியும் கையைத் தூக்கினாரே" என்பார். அவர் சொன்னதில் பொய் இல்லை. 2004 தேர்தலில் புஷ்ஷை எதிர்த்து நின்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் கெர்ரி, ஹிலரி கிளிண்டன், பைடன் எல்லோரும் ஆதரித்துத்தான் ஓட்டுப் போட்டார்கள். போதாததற்கு, 8,700 கோடி டாலர் போர் நிதியை "எதிர்ப்பதற்கு முன் ஆதரித்தேன்" என்று கெர்ரி வேறு சொல்லிவைத்தார், அதை வைத்து என்னை ஒரு மாதம் ஓட்டினார் மனிதர். நான் பதிலுக்கு, 2003 மே 1 அன்று விமானந்தாங்கிக் கப்பலில் 'பணி முடிந்தது' என்ற பேனருக்குக் கீழே புஷ் பேசிய படத்தை அச்சடித்து அவர் மேசையில் வைத்தேன். இதெல்லாம் விளையாட்டாகத்தான் போய்க்கொண்டிருந்தது. 2004 நவம்பரில் சுமார் 1,18,000 வாக்கு வித்தியாசத்தில் ஒஹாயோ புஷ் பக்கம் சாய்ந்தது, ஒஹாயோ விழுந்ததும் தேர்தலே முடிந்தது. எனக்கு அந்த மாநிலத்தின் மேலேயே கோபம். ஓட்டே இல்லாதவனுக்கு இவ்வளவு வீராப்பு எதற்கு என்று இப்போது தோன்றுகிறது.

2005 ஆகஸ்ட் 3. இராக்கில் ஹதீதா பக்கம் சாலையோரக் குண்டு வெடித்து ஒரே வண்டியில் 14 மரைன்கள் (கடலிலிருந்து இறங்கிச் சண்டை போடும் படைப்பிரிவினர்) செத்தார்கள். பெரும்பாலோர் லீமா கம்பெனி என்ற ரிசர்வ் பிரிவு, அதன் இருப்பிடமே கொலம்பஸ்தான். மற்ற நாட்களில் வேலைக்கோ கல்லூரிக்கோ போய்க்கொண்டிருந்த பையன்கள். அன்று மதியம் செய்தியைப் பார்த்துக்கொண்டே மேசையில் உட்கார்ந்து நான் சொன்னது இது: "இந்த மாநிலம்தானே அந்த ஆளுக்கு ஓட்டுப் போட்டது, அனுபவிக்கட்டும்."

அவர் சாப்பாட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனார். அவருடைய அக்கா மகன் அந்தப் பிரிவில் இருந்தான் என்பது மேசையில் இருந்த எல்லோருக்கும் தெரியும், எனக்கு மட்டும் தெரியாது. செத்தவர்கள் பெயர் இன்னும் வெளியாகவில்லை. அவன் பிழைத்துவிட்டான் என்று உறுதியாகத் தெரியும்வரை அந்தக் குடும்பம் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்திருக்கிறது. நான் மன்னிப்புக் கேட்டேனா? இல்லை. தெரியாமல் சொன்னதுதானே, கருத்தில் என்ன தப்பு என்று எனக்கு நானே வாதாடிக்கொண்டிருந்தேன். பல மாதம் எங்களுக்குள் காலை வணக்கம் தவிர வேறு பேச்சு இல்லை.

இடையில் அந்த நவம்பரில் இன்னொன்று நடந்தது. பென்சில்வேனியாவின் ஜான் மர்த்தா, மரைனிலும் அதன் ரிசர்விலுமாக 37 வருடம் இருந்தவர், ராணுவத்துக்கு எப்போதும் நிதி வாரிக் கொடுத்த ஜனநாயகக் கட்சிக்காரர், போரை ஆதரித்து ஓட்டுப் போட்டவர், படைகளைத் திருப்பிக் கூப்பிடுங்கள் என்றார். மறுநாள் பிரதிநிதிகள் சபையில் எங்கள் ஒஹாயோ உறுப்பினர் ஜீன் ஷ்மிட் எழுந்து, கோழைகள்தான் பாதியில் ஓடுவார்கள், மரைன்கள் ஓடமாட்டார்கள் என்று மர்த்தாவுக்குச் சேதி சொன்னார். சபையே கொந்தளித்து, சொன்னதைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. நீங்கள் கேட்கிற 'படைவீரர்களுக்கு எதிரானவன்' என்ற பட்டம் எப்படி வேலை செய்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. வியட்நாமில் காயம்பட்ட மர்த்தாவையே அது விடவில்லை என்றால் உங்களையும் என்னையும் எங்கே விடப்போகிறது.

2006 நவம்பரில் ஜனநாயகக் கட்சி இரண்டு சபைகளையும் பிடித்தது, அடுத்த நாளே பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்டின் பதவி விலகலை புஷ் அறிவித்தார். அன்று அந்தப் பக்கத்து க்யூபிக்கிள்காரர் தானாகவே என்னிடம் வந்து நின்றார். இந்த முறை தன் கட்சிக்கு ஓட்டுப் போடவில்லை என்றார். அப்புறம் சொன்னார்: "அன்றைக்கு நீ புஷ்ஷைத் திட்டியதற்காக நான் எழுந்து போகவில்லை. அதை தினமும்தான் செய்துகொண்டிருந்தாய். 'அனுபவிக்கட்டும்' என்றாய் பார், அதற்குத்தான்." அப்போதுதான் மன்னிப்புக் கேட்டேன், ஒன்றேகால் வருடம் தாமதமாக.

இந்த இடத்தில் ஒரு வயிற்றெரிச்சலையும் கொட்டிவிடுகிறேன், கேள்விக்குச் சம்பந்தமில்லைதான். இதையெல்லாம் பெயர் குறிப்பிடாமல் ஒரு கட்டுரையாக எழுதி அந்த ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் மலருக்குக் கொடுத்தேன். "அரசியல் வேண்டாம் சார்" என்று திருப்பிக் கொடுத்தார்கள். சரி, கொள்கை என்றால் கொள்கை. மலர் வந்ததும் பார்த்தால் இரண்டாவது பக்கத்தில் ஓர் அரசியல்வாதியின் வாழ்த்துச் செய்தி, கலர் படத்தோடு, அதற்கு எதிர்ப்பக்கத்தில் வீட்டுத் தரகர் விளம்பரம். எனக்குக் கிடைத்தது வடை டோக்கன் இரண்டு. பதினைந்து வருடத்துக்கு மேல் ஆகியும் ஆறவில்லை, என்ன செய்ய.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 2011 மார்ச்சில் ஒபாமா லிபியாவில் குண்டு போட ஆரம்பித்தார். நான் அதற்குள் வேறு கம்பெனிக்கு மாறியிருந்தேன். மே மாதக் கடைசியில் அந்தப் பழைய க்யூபிக்கிள்காரரிடமிருந்து ஒரு வரி மின்னஞ்சல்: "60 நாள் ஆகிவிட்டது, எண்ணினாயா?" அதிபர் நிக்சனின் வீட்டோவைத் தாண்டி 1973இல் நிறைவேறிய போர் அதிகாரச் சட்டத்தைத்தான் சொன்னார். காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்தின் அனுமதி இல்லாமல் படையை இறக்கினால் 60 நாளில் நிறுத்த வேண்டும் என்பது அதன் சாரம். புஷ்ஷாவது காங்கிரசிடம் ஓட்டு வாங்கிக்கொண்டு போனார், ஒபாமா அதுவும் வாங்கவில்லை. இது 'போர்ச்செயல்' என்ற சொல்லுக்குள்ளேயே வராது என்று வெள்ளை மாளிகை விளக்கம் கொடுத்தது. ஜூனில் பிரதிநிதிகள் சபை அனுமதித் தீர்மானத்தை 295க்கு 123 என்று தோற்கடித்தது. எதிர்த்தவர்களில் 70 பேர் ஒபாமா கட்சிக்காரர்களே. நான்? நான் அவருக்கு இரண்டு பக்கம் பதில் எழுதினேன். தரைப்படை இல்லை, நேட்டோ, ஐ.நா. தீர்மானம் இருக்கிறது, கடாஃபி கொடுங்கோலன். அனுப்பிவிட்டுப் படித்தபோதுதான் தெரிந்தது, கடைசி வாதத்தில் கடாஃபிக்குப் பதில் சதாம் என்று போட்டால் அது 2004இல் அவர் என்னிடம் சொன்னதேதான்.

ஆகவே நான் நடுநிலைப் புனிதன் என்று காட்டிக்கொள்ள வரவில்லை. 'இரண்டு பக்கமும் ஒன்றுதான்' என்றும் சொல்லவில்லை. இராக்கில் செத்த அமெரிக்கப் படையினர் மட்டும் கிட்டத்தட்ட 4,500 பேர், இராக்கியர்கள் அதைவிடப் பல மடங்கு, அதை லிபியாவோடு ஒரே தட்டில் வைக்க என்னால் முடியாது. நான் சொல்வது வேறு. உங்களை வாயை மூடச் சொல்கிறவர், அதிபர் மாறினால் தானும் பேச ஆரம்பித்துவிடுவார். 2013இல் சிரியாவில் ரசாயன ஆயுதத்துக்குப் பதிலடியாக ஒபாமா ஏவுகணை வீசலாம் என்றபோது வாஷிங்டன் போஸ்ட் - ஏபிசி கருத்துக்கணிப்பில் குடியரசுக் கட்சியினரில் 22 சதவீதம்தான் ஆதரித்தார்கள். 2017 ஏப்ரலில் அதே சிரியா, அதே காரணம், டிரம்ப் 59 ஏவுகணைகளை வீசியதும் அது 86 ஆனது. ஜனநாயகக் கட்சியினர் 38இலிருந்து 37, கிட்டத்தட்ட அசையவில்லை. இதைப் பார்த்து எங்கள் ஆட்கள் நெஞ்சை நிமிர்த்த வேண்டாம், லிபியாவை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் மச்சானிடம் லிங்கனையும் சொல்லுங்கள். மெக்சிகோ போர் நடக்கும்போதே, 1847 டிசம்பரில், பிரதிநிதிகள் சபையில் முதல்முறை உறுப்பினராக இருந்த லிங்கன், அமெரிக்க மண்ணில் ரத்தம் சிந்தியதாகச் சொல்கிறீர்களே அந்த இடம் எது, காட்டுங்கள் என்று அதிபர் போல்க்கைக் கேட்டுத் தீர்மானம் கொண்டுவந்தார். 'ஸ்பாட்', அதாவது இடம், எங்கே என்று கேட்டதால் "ஸ்பாட்டி லிங்கன்" என்று கேலி செய்தார்கள். அடுத்த மாதமே அந்தச் சபை, அதிபர் தேவையில்லாமலும் அரசியல் சாசனத்துக்கு விரோதமாகவும் தொடங்கிய போர் என்று 85க்கு 81இல் சொன்னது. அதே லிங்கன் அதிபரானதும் தன் உள்நாட்டுப் போரை எதிர்த்த அரசியல்வாதி ஒருவரை ராணுவம் கைது செய்ததை நியாயப்படுத்தினார் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் மச்சான் கூகுள் செய்து பிடித்துவிடுவார்.

அந்த 22, 86 கணக்கு வந்த அன்று நானும் சும்மா இருக்கவில்லை, ஓய்வுபெற்று ஏரிக்கரையில் வீடு வாங்கியிருந்த அந்தப் பழைய க்யூபிக்கிள்காரருக்கு அனுப்பிவைத்தேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "86இல் நான் இல்லை. 22இலும் இல்லை. நீ 38ஆ, 37ஆ?"

இன்னும் பதில் அனுப்பவில்லை.