ஹெச்.ஐ.வி. உள்ளவருக்கு அவசர வயிற்று அறுவை: வாசகர் கேள்விகளுக்கு அறுவை மருத்துவரின் பதில்கள்

பாலக்கோடு வாசகர்: ஆறு ஆண்டுகளாக, ஹெச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் ஏ.ஆர்.டி. மாத்திரை சாப்பிடுகிறேன். குடல்வால் அழற்சிக்கு, சிறு துளை வழியே கேமராவை இறக்கிச் செய்யும் லேப்ராஸ்கோப்பி எனக்கு ஆகுமா?

தாராளமாக ஆகும். வைரஸ் கட்டுக்குள் இருந்து, சி.டி.4 எனும் எதிர்ப்பாற்றல் அணுக்களின் எண்ணிக்கையும் நன்றாக இருப்பவருக்கு, மற்றவர்களுக்குச் செய்வதைப் போலவே செய்யலாம். காயம் சிறியதென்பதால் அதில் சீழ் வைக்கும் வாய்ப்பும் குறைவு. முறையைத் தீர்மானிப்பது ஹெச்.ஐ.வி. அன்று, வயிற்றின் நிலைமையே. ரத்த அழுத்தம் இறங்கி, குடல் உப்பி, கருவியைத் திருப்ப இடமில்லாதபோது, நோயாளி யாராக இருந்தாலும் வயிற்றைத் திறப்பதே பாதுகாப்பு.

அரூர் வாசகர்: அண்ணனுக்குக் கடும் வயிற்றுவலி. வெள்ளணுக்கள் கூடவில்லை, காத்திருக்கலாம் என்கிறார்கள்.

அந்த ஒரு கணக்கை நம்பிக் காத்திருப்பதை நான் ஏற்கவில்லை. எதிர்ப்பாற்றல் குன்றியவருக்குக் குடல்வால் வெடிக்கும் தறுவாயிலும் வெள்ளணுக்கள் கூடாமல் இருக்கலாம். இன்றே தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். சி.டி.4 200-க்குக் கீழே இருந்தால் வயிற்றுக் காசநோய், சைட்டோமெகலோ வைரஸால் குடலில் விழும் ஓட்டை, நிணநீர்ப் புற்றுநோய் ஆகியவற்றையும் எண்ணிப் பார்த்தாக வேண்டும். லேப்ராஸ்கோப்பியின் அருமை இங்கேதான் தெரியும். தொப்புளருகே 10 மில்லிமீட்டர் துளையில் கேமராவை இறக்கியதும், வயிற்றின் உள்ளுறை முழுவதும் சாமை அரிசியைத் தூவியதுபோல் வெண்மணிகள் தெரிந்தால், காசநோய் என்ற ஐயம் வலுக்கும். ஒரு துணுக்கைக் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, குடலில் அடைப்போ ஓட்டையோ இல்லையெனில், எதையும் வெட்டாமல் வெளியே வந்துவிடலாம். பின்னர் காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் தொடங்கினால், ஏ.ஆர்.டி. மருந்தான டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராமை நாளுக்கு இருவேளை கொடுக்க வேண்டும் என்பதை ஏ.ஆர்.டி. மையத்தில் நினைவூட்டுங்கள்.

கிருஷ்ணகிரி வாசகி: லாரி ஓட்டும் என் கணவர் இரவு 9 மணிக்கு மாத்திரை போடுவார். வெறும் வயிற்றில் இருக்கச் சொன்னால் அதை நிறுத்தலாமா?

தாமாக நிறுத்தக் கூடாது. மயக்க மருத்துவர் சம்மதித்தால் ஒரு மடக்குத் தண்ணீரில் விழுங்கலாம். அலுமினியம், மெக்னீசியம் கலந்த அமில முறிவு மருந்து கொடுத்தால், அதற்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போதான் டோலுடெக்ராவிர் சாப்பிட வேண்டும்.

ஓசூர் வாசகர்: சொன்னால் கைவிடுவார்களோ என அஞ்சுகிறேன். மறைக்கலாமா?

அச்சம் நியாயமானதே. நான் பயின்ற காலத்தில், படுக்கை அட்டையில் சிவப்பு மையால் வட்டமிட்டு, ஊரறியச் செய்ததைக் கண்டிருக்கிறேன். ஆயினும் மறைக்காதீர்கள். 2018 செப்டம்பர் 10 முதல் நடப்பிலுள்ள 2017-ஆம் ஆண்டு ஹெச்.ஐ.வி., எய்ட்ஸ் சட்டம், ஹெச்.ஐ.வி.யைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதைத் தடை செய்வதோடு, உங்கள் நிலையை ரகசியமாகக் காக்கவும் கட்டளையிடுகிறது. ஊசி குத்தினால் மருத்துவப் பணியாளருக்குத் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 1,000-க்கு 3 மட்டுமே. 72 மணி நேரத்துக்குள் தொடங்கும் 28 நாள் தடுப்பு மருந்தும் உண்டு. மாத்திரை டப்பாவைக் கையோடு எடுத்துச் சென்று மயக்க மருத்துவரிடம் காட்டுங்கள். அதில் ரிட்டோனாவிர் எனும் ஹெச்.ஐ.வி. மருந்து இருந்தால், அறுவையின்போது தரும் மிடசோலம், ஃபென்டனில் ஆகியவற்றின் மயக்கம் நெடுநேரம் நீடிக்கக்கூடும் என்பதால் அவர் அளவை மாற்றியாக வேண்டும்.