முழங்கால் நோவோடு அங்கோர் போகலாமா?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. வயது 64. திருகோணமலை உவர்மலையில் தனியாக இருக்கிறேன். கம்போடியாவின் அங்கோர் கோயில்களைப் பார்க்கக் கொழும்பிலிருந்து ஒரு சுற்றுலாக் குழு போகிறது. ஐந்து நாள் பயணம். கனடாவில் இருக்கும் மகள் என்னையும் அதில் சேர்த்துவிட நினைக்கிறாள். எனக்கு ஆசைதான். ஆனால் வலது முழங்காலில் தேய்மானம். எல்லோரும் முன்னே போக, நான் பின்னால் இழுபட்டு மற்றவர்களுக்குப் பாரமாகிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆங்கிலமும் சரளமாக வராது. போகவா, விடவா?

பதில்:

போய்விட்டு வாருங்கள், ரீச்சர். ஆனால் மகள் காசு கட்டுவதற்கு முன் பயண நிரலை வரவழைத்து, கொப்பி திருத்துவது போலச் சிவப்புப் பேனையோடு உட்காருங்கள். எந்த இடத்தில் எத்தனை மணி நேரம், எங்கே படி ஏற வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். எதை எதை விடப் போகிறீர்கள் என்பதை வீட்டில் இருந்தே முடிவெடுங்கள். அங்கே போய், எல்லோரும் ஏறத் தொடங்கிய பிறகு படியடியில் நின்று யோசித்தால்தான் வெட்கமும் பயமும் வரும்.

சில வருடங்களுக்கு முன் என் அம்மாவோடு இப்படி ஒரு குழுவில் தஞ்சாவூர்ப் பக்கம் போனேன். கால் நோவதை அவர் ஒருவரிடமும் சொல்லவில்லை. தாராசுரம் கோயிலுக்குப் போய்ச் சேர்ந்ததும், "நீ பார்த்திட்டு வா, நான் பஸ்ஸில இருக்கிறன்" என்றார். அவர் வந்ததே தாராசுரம் பார்க்கத்தான். காலையிலேயே சொல்லியிருந்தால், வழியில் ஏறி இறங்கிய இரண்டு சேலைக் கடைகளை விட்டுவிட்டு அந்தக் காலுக்கு ஓய்வு கொடுத்திருக்கலாம். அது இன்னும் என் மனதில் கிடக்கிறது. ஆகவே முதல் நாள் இரவே வழிகாட்டியிடம் போய், "இந்த இரண்டு இடத்திலும் நான் ஏறமாட்டேன், கீழே இருப்பேன், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள்?" என்று கேட்டுவிடுங்கள். எங்கே இருக்கிறீர்கள் என்று தெரிந்தால் உங்களால் ஒருவருக்கும் தாமதம் வராது.

எதை விடலாம்? அங்கோர் வாட்டின் உச்சித் தளத்தைப் பாக்கான் என்பார்கள். ஏணி போலச் செங்குத்தான படிகள். மேலே மரப்படி போட்டுக் கைபிடியும் வைத்திருக்கிறார்கள், இருந்தாலும் இறங்கும்போது முழங்கால் பாடாய்ப் படும். விடுங்கள். சூரியன் மறைவதைப் பார்க்கக் குழுக்களைக் கூட்டிப் போகும் நொம் பாக்கெங் குன்றையும் விடலாம்.

அப்படி மிஞ்சும் நேரத்தையெல்லாம் அங்கோர் வாட்டின் கீழ்த்தள மண்டபச் சுவர்களுக்குக் கொடுங்கள். இரண்டாம் சூரியவர்மன் 12ஆம் நூற்றாண்டில் திருமாலுக்குக் கட்டிய கோயில் அது. கிழக்குச் சுவரில் பாற்கடல் கடையும் சிற்பம் மட்டும் ஏறக்குறைய 49 மீற்றர் நீளம். வாசுகியை ஒரு பக்கம் 92 அசுரரும் மறுபக்கம் 88 தேவரும் பிடித்து இழுக்கிறார்கள். மேற்குச் சுவரின் வடபாதியில் இலங்கைப் போர். அனுமனின் தோளில் நின்று இராமன் அம்பு விடுகிறான், எதிரே தேரில் பத்துத் தலையோடு இராவணன். இந்தக் கதைகளை எத்தனை வகுப்புக்குச் சொல்லியிருப்பீர்கள்! வழிகாட்டியின் ஆங்கிலத்தில் பாதி விளங்காமல் போனாலும் சுவர் உங்களோடு கதைக்கும்.

நிரலில் பன்தேய் சிரே இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். அங்கோர் வாட்டிலிருந்து சுமார் 25 கிலோமீற்றர் தள்ளி இருப்பதால், அவசரப் பயணங்களில் முதலில் வெட்டுப்படுவது அதுதான். கி.பி. 967இல் எழுந்த சிவன் கோயில். இளஞ்சிவப்புக் கல், சின்னக் கோயில், ஏறுவதற்குப் பெரிதாக ஒன்றும் இல்லை. உங்கள் முழங்காலுக்கென்றே கட்டியது போல இருக்கும். அங்கே ஒரு முகப்பில் இராவணன் கைலை மலையை அசைக்கிறான், மேலே உமையும் சிவனும். கோணேசர் கோயிலடியில் இராவணன் வாளால் பிளந்ததாகச் சொல்லும் பாறையை, நம் இராவணன் வெட்டைப் பார்த்து வளர்ந்த ஒருவர், தென்கயிலாயம் என்று நாம் சொல்லும் ஊரிலிருந்து போய் அதன் முன் நிற்பதை நினைத்தாலே எனக்கு நெஞ்சு நிறைகிறது. போர்த்துக்கேயர் இடித்த நம் பழைய கோணேசர் கோயிலின் கற்களைத் திருகோணமலைக் கோட்டையில்தானே பார்த்திருக்கிறோம். அங்கே கோயில் கோயிலாகவே நிற்கிறது.

காசு விஷயம். அங்கோர் நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 அமெரிக்க டொலர், மூன்று நாளுக்கு 62. குழுக் கட்டணத்தில் அது அடங்குகிறதா, தனி அறைக்கு மேலதிகமாக எவ்வளவு, கடைகளுக்குக் கூட்டிப் போய் நேரத்தைத் தின்பார்களா என்று மகளைக் கேட்கச் சொல்லுங்கள். பதில் எழுத்தில் வரட்டும்.

மாதம் நவம்பர் முதல் பெப்ரவரிக்குள் இருக்கட்டும். நமக்கு மாரி, அங்கே மழையில்லாத காலம், வெயிலும் தாங்கலாம். ஏப்ரல் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். நம் கச்சான் காற்றின் வெக்கை தெரிந்தவருக்கு அதை விளக்கத் தேவையில்லை.

அதுவரை, உங்கள் டொக்டர் சரி என்றால், காலையில் கோட்டை வாசலிலிருந்து கோணேசர் கோயில் வரை ஆறுதலாக ஏறி இறங்குங்கள். அங்கோரில் போடப்போகும் சப்பாத்தையே போட்டுக்கொண்டு நடவுங்கள். புதுச் சப்பாத்தோடு விமானம் ஏற வேண்டாம். தோளும் முழங்காலும் மூடிய பருத்தி உடுப்பு, சின்னத் தண்ணீர்ப் போத்தல், வழக்கமான குளிசைகள் கைப்பையில் இருக்கட்டும்.

இன்னொன்று. இரவு பஸ்ஸில் கட்டுநாயக்கா போய் நேரே விமானம் ஏறாதீர்கள். அந்த நீண்ட இருப்பிலேயே முழங்கால் வீங்கிவிடும். முதல் நாள் பகலில் புறப்பட்டு நீர்கொழும்பில் ஓர் இரவு தங்குங்கள். மகளிடம் மேற்கொண்டு காசு கேட்கத் தயக்கமாக இருக்கும், தெரியும். இந்த ஓர் இரவுக்குக் கேளுங்கள்.